இரண்டு பிறையும் ஒரு பச்சைக் கோடும்

ரவாங்கில் உள்ள ஓர் அலுமினிய உருக்காலையின் சோதனைக் கூடத்தில் தனேஸ்வரிக்கு வேலை. பழைய கார் பாகங்களும் சன்னல் சட்டங்களும் பான டின்களும் ஒரே உலையில் உருகிச் சேரும்போது, அந்தக் கலவையில் எது எவ்வளவு இருக்கிறது என்று அவள்தான் சொல்ல வேண்டும். உலையிலிருந்து ஒரு கரண்டி உருகிய உலோகம் வரும். அதை வில்லையாக வார்த்து, ஆறவிட்டு, ஒரு பக்கத்தைப் பளபளவென்று சீவி, கருவியின் மேல் வைத்து மூடுவாள். உள்ளே தீப்பொறி பாயும். ஒவ்வொரு உலோகமும் தனக்கென்று உள்ள நிறங்களில் எரியும். கருவி அந்த ஒளியைக் கோடு கோடாகப் பிரித்துப் பார்த்து, சிலிக்கன் இவ்வளவு, செம்பு இவ்வளவு, மெக்னீசியம் இவ்வளவு என்று திரையில் காட்டும்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு படம் எதிர்ப்பட்டது. கறுப்பு வானத்தில் ஒரு வளையம். ஓரமெல்லாம் சிவப்பு, உள்ளே பச்சை. ‘கோள் நெபுலா’ என்று போட்டிருந்தது. பெயரில்தான் கோள், கோளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். பழைய காலத்துச் சின்னத் தொலைநோக்கிகளில் கோள்போல உருண்டையாகத் தெரிந்ததால் வந்த பெயர். உண்மையில் அது நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் தன் கடைசிக் காலத்தில் மேல்தோலை வாயுவாக உதறியதில் உண்டானது. நடுவில் மிஞ்சிய சூடான கரு அந்த வாயுவை எரியவைக்கிறது. கீழே இன்னொரு வரி இருந்தது: இந்த நிறங்களை வைத்துத்தான் அதில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று கண்டுபிடிக்கிறார்கள்.

தனேஸ்வரி மீகோரெங் தட்டைத் தள்ளி வைத்தாள். இது அவளுடைய வேலை. யாரோ இதே வேலையைச் செய்கிறார்கள், கரண்டி இல்லாமல், வில்லை வார்க்காமல், ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் ஒன்றின் மேல்.

அன்று மாலை காரில் அண்ணியிடம் படத்தைக் காட்டினாள். அண்ணன் பாலனின் மனைவி திலகாவுக்கும் ரவாங்கில்தான் வேலை, ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில். எல்லாரும் ஒரே வீட்டில், பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தார்கள். காலையும் மாலையும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே நாத்தனாரும் அண்ணியும் ஒரே காரில் போய் வருவார்கள். ஓட்டுவது திலகா.

“அந்தப் பச்சை மெக்னீசியம் அண்ணி. பார்த்த உடனே சொல்லிடுவேன்.”

“அப்ப வானத்துல கார் ரிம் செய்யுறாங்களா?” என்றாள் திலகா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தனேஸ்வரி தேடிப் படித்துவிட்டாள். அது மெக்னீசியம் இல்லை. ஆக்சிஜன். நம்பவே முடியவில்லை. ஆக்சிஜன் நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே இருக்கிறது. அந்தப் பச்சையை அவள் எந்தத் தீப்பொறியிலும் பார்த்ததில்லை. அடுத்த வாரம் கருவியைப் பழுதுபார்க்க வந்த பொறியாளரிடம் கேட்டாள். “ஆக்சிஜன் பச்சையா எரியுமா?” அவர் சிரித்துவிட்டு, தன் அனுபவத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது என்றார். அந்தக் கேள்வி அவளுக்குள் தங்கிவிட்டது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டாள். வானத்தைப் பெரிய தொலைநோக்கிகள் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கின்றன. அவற்றில் இன்னும் யார் கண்ணிலும் படாத சின்ன நெபுலாக்கள் கிடக்கின்றன. பொதுமக்கள் தேடிப் பார்த்து அனுப்பலாம். சில பல்கலைக்கழகக் குழுக்கள் அதை வரவேற்கின்றன. அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே போனது. பெரும்பாலும் ஒன்றுமில்லை. லென்ஸில் பட்ட வெளிச்சம், தூர இருக்கும் விண்மீன் மண்டலம், ஏற்கெனவே பட்டியலில் ஏறிவிட்ட பழைய சரக்கு.

சித்திரை வெயிலில் சோதனைக் கூடத்துக் குளிரூட்டி கெட்டுப்போன ஒருநாள், தனுசு ராசிப் பக்கம், தூசியும் நட்சத்திரமும் அப்பிக் கிடக்கும் ஓர் இடத்தில், அவள் இரண்டு சின்னச் சிவப்புப் பிறைகளைப் பார்த்தாள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, அடைப்புக்குறி போட்ட மாதிரி. நடுவில் ஒரு நட்சத்திரம். தனக்குத் தெரிந்த பட்டியல்களில் தேடினாள். இல்லை. மறுபடி தேடினாள். இல்லை.

காரில் ஏறியதும் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள். திலகா சிவப்பு விளக்கில் நின்றபோது கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள்.

“இது முழுசா இல்லையே தனே. மிச்சம் எங்க?”

“என்ன மிச்சம்? இதான் அண்ணி. ஒரு வளையம், ரெண்டு பக்கம் மட்டும் தெரியுது.”

“வளையம்னா மேலயும் கீழயும் தெரியணும் லா. தெரியல. அப்ப வேற என்னமோ.”

பின்னால் லோரி ஹாரன் அடித்தது. திலகா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.  அண்ணி ஒன்றை யோசித்தால் ரேடியோவைக்கூட அணைத்துவிடுவாள் என்பது தனேஸ்வரிக்குத் தெரியும். அன்று வீடு வரும்வரை ரேடியோ அணைந்திருந்தது.

இரண்டு நாள் கழித்துத் திலகா தொழிற்சாலையிலிருந்து கழிவுக் கையுறைகள் சிலவற்றைக் கொண்டு வந்தாள். ஓட்டை இருக்கிறதா என்று காற்றடைத்துப் பார்ப்பதுதான் அவள் பிரிவின் வேலை. காற்றேறிய கையுறை எங்கே புடைக்கும், எங்கே புடைக்காது என்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவள். சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒரு கையுறையின் விரல்களை முடிந்துவிட்டு, நடுவில் தடித்த ரப்பர் வளையம் ஒன்றை மாட்டினாள். பிறகு வாய் வைத்து ஊதினாள்.

கையுறை உருண்டையாக வரவில்லை. ரப்பர் வளையம் இருந்த இடம் இறுகியே இருந்தது. அதற்கு மேலே ஒரு பை, கீழே ஒரு பை. இடுப்பு சிறுத்த உடுக்கைபோல.

“இப்ப ரப்பர் வளையத்தப் பாரு. மேலேருந்து பார்த்தா வட்டம். நேரா பார்த்தா?” திலகா கையுறையை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். மெல்லிய ரப்பரில் வெளிச்சம் ஊடுருவியது. வளையம் மட்டும் இரண்டு ஓரங்களிலும் இருட்டாகத் தடித்துத் தெரிந்தது. “பார்த்தியா? இடது ஓரம் ஒண்ணு, வலது ஓரம் ஒண்ணு. அந்த இடத்துலதான் ஒண்ணுமேல ஒண்ணா நிறைய இருக்கு. உன் ரெண்டு பிறை இதுதான். அது வளையம் இல்ல தனே. இடுப்பு. மேலயும் கீழயும் ஊதிக்கிட்டுப் போயிருக்கும், ரொம்ப மெல்லிசா. அதனால தெரியல.”

பாலன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவன், மனைவி கையில் கையுறையையும் தங்கை முகத்தையும் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனான்.

தனேஸ்வரி படத்தைப் பெரிதாக்கி, கறுப்பையும் வெளுப்பையும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறைகளுக்கு மேலே, புகை படிந்த மாதிரி ஏதோ இருந்தது. கீழேயும் இருந்த மாதிரி இருந்தது. உண்மையில் இருக்கிறதா, தான் விரும்புவதால் தெரிகிறதா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. ஆனாலும் எழுதினாள். தலைநகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இத்தகைய நெபுலாக்களை ஆராயும் டாக்டர் விமலா என்பவருக்குப் படத்தை அனுப்பி, மேலும் கீழும் அம்புக்குறி போட்டு, ‘இங்கே வாயு இருக்கலாம் என்று என் அண்ணி நினைக்கிறார்’ என்று குறிப்பிட்டாள். காரணமாகக் கையுறையையும் சொன்னாள். கையுறையைச் சொல்லலாமா வேண்டாமா என்று அரைமணி நேரம் தயங்கிவிட்டுத்தான் அனுப்பினாள்.

விமலாவிடமிருந்து உடனே பதில் வந்தது, நன்றி என்றும், பார்க்கிறேன் என்றும். பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. தனேஸ்வரி தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தாள். திலகா கேட்பதை நிறுத்திவிட்டாள், ஆனால் காரில் ஏறும்போது ஒரு பார்வை பார்ப்பாள். தனேஸ்வரி இல்லை என்று தலையை ஆட்டுவாள்.

ஆகஸ்ட்டில் அழைப்பு வந்தது. கோலா சிலாங்கூரில் ஒரு பள்ளிக்குப் பேச வருவதாகவும், முடிந்தால் மாலையில் சந்திக்கலாம் என்றும் விமலா சொன்னார். ஞாபகமாக, “உங்க அண்ணியையும் கூட்டிட்டு வாங்க” என்றார்.

பசார் பக்கத்து மாமாக் உணவுக் கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். விமலா இருவரையும்விட இளையவள். பத்தாங் காலிப் பக்கம் ஒரு தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவள் என்று பேச்சில் தெரிந்தது. தே தாரிக் தேநீர் வருவதற்கு முன்பே அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“அக்கா, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நல்ல சேதி இல்ல. நீங்க பார்த்தது உண்மையான கோள் நெபுலாதான். ஆனா பிரேசில்ல ஒருத்தர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர், போன வருஷமே அதைக் குறிச்சு அனுப்பியிருக்காரு. பட்டியல் இன்னும் வெளியில வரல. அதான் உங்களுக்குக் கிடைக்கல.”

தனேஸ்வரிக்கு முகம் சுண்டியது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

திலகாவுக்குத்தான் கோபம் வந்தது. “பட்டியலை வெளியிடாம வச்சிருந்தா எப்படித் தெரியும்? இவ எத்தனை மாசம் சோறு தின்னாம தேடியிருக்கா தெரியுமா?”

“தெரியும் அக்கா. எனக்கும் ஒரு தடவை இப்படி ஆச்சு. மூணு நாள் யார்கூடயும் பேசல.”

அது திலகாவைக் கொஞ்சம் தணித்தது. விமலா மடிக்கணினியைத் திறந்தாள். “ஆனா அவர் ரெண்டு பிறையை மட்டும்தான் சொன்னாரு. மேலயும் கீழயும் பார்க்கச் சொன்னது நீங்க. எங்க குழு அந்த இடத்தை நல்லா நேரம் எடுத்துப் படம் பிடிச்சது.”

திரையில் அதே இரண்டு பிறைகள். ஆனால் இப்போது அவற்றின் நடுவிலிருந்து மேல்நோக்கி ஒரு பெரிய மங்கலான பை விரிந்திருந்தது. கீழ்நோக்கி இன்னொன்று, கொஞ்சம் சாய்ந்து, கிழிந்த நுனியோடு. பிறைகள் இடுப்பாகிவிட்டன.

திலகா நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள். ஒரு விரலால் திரையைத் தொடாமல் அந்த உருவத்தை வரைந்தாள். “கையுறை” என்றாள், மெதுவாக.

“கையுறையேதான். நட்சத்திரம் முதல்ல மெதுவா வாயுவை விடுது. அது நடுவுல பெல்ட் மாதிரி அடர்த்தியா நின்னுக்குது. அப்புறம் வேகமான காத்து அடிக்குது. பெல்ட் இருக்கிற பக்கம் தள்ள முடியல. முடிஞ்ச பக்கம், மேலயும் கீழயும், ஊதிட்டுப் போகுது. நாங்க இதைப் பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கோம். ரப்பர் மாட்டி ஊதணும்னு எனக்குத் தோணல.”

“நடுவுல இருக்கிற நட்சத்திரம்தானே ஊதுச்சு?”

“இல்ல அக்கா. அது சும்மா வழியில நிக்கிற ஆளு. நமக்கு ரொம்பக் கிட்ட இருக்கு. நிஜமான கரு அதுக்குப் பக்கத்துல, இதோ, இந்தச் சின்னப் புள்ளி.”

திலகா அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தாள். “நான் தப்பான ஆளைப் புடிச்சிட்டேன்” என்று சிரித்தாள்.

விமலா அடுத்த படத்தைப் போட்டாள். அது படமே இல்லை. ஒரு கிடைக்கோடு, அதிலிருந்து ஊசி ஊசியாய் எழும்பிய கூர்முனைகள். திலகா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். தனேஸ்வரி உட்கார்ந்திருந்த விதமே மாறிவிட்டது. இது அவளுக்குத் தெரிந்த பாஷை. ஒளியைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

“இது ஹைட்ரஜன்” என்றாள் சிவப்புப் பக்கம் விரலைக் காட்டி. “ஆனா பக்கத்துல நிக்கிறது அதைவிட உயரமா இருக்கே?”

“நைட்ரஜன். அதான் எங்களுக்கும் ஆச்சரியம். சாதாரணமா அவ்வளவு இருக்காது. இப்படி இடுப்பு இறுகின நெபுலாக்கள்லதான் நைட்ரஜன் கூடுதலா இருக்கும், ஹீலியமும். நட்சத்திரம் பெருசா இருந்திருக்கணும். உள்ளயே சமைச்சு நைட்ரஜனை மேல கொண்டு வந்திருக்கு.”

“அப்ப உருவத்தைப் பார்த்தா உள்ள என்ன இருக்குன்னு சொல்லலாமா?”

“ஓரளவுக்கு. எல்லாத்துக்கும் இல்ல. விதிவிலக்கு நிறைய.”

தனேஸ்வரி விரலைப் பச்சைப் பக்கம் நகர்த்தினாள். அங்கே இரண்டு ஊசிகள், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. பல மாதங்களாய் அவள் சுமந்த கேள்வி அங்கே நின்றுகொண்டிருந்தது.

“இது ஆக்சிஜன்னு படிச்சேன். எனக்குப் புரியல டாக்டர். எங்க ஃபேக்டரி காத்து முழுக்க ஆக்சிஜன். எத்தனையோ தடவை பொறி போட்டிருக்கேன். இந்தக் கோடு வந்ததே இல்ல. மெஷின் ரிப்பேர் பண்றவரும் இப்படி ஒண்ணு கிடையாதுன்னாரு.”

விமலா தே தாரிக்கைக் கீழே வைத்தாள். இந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.

“அவர் சொன்னது சரி. பூமியில எந்த லேப்லயும் சாதாரணமா வராது. முதல்முதல்ல இந்தக் கோட்டைப் பார்த்தவங்க, இது பூமியில இல்லாத புதுத் தனிமம்னு நினைச்சு, நெபுலியம்னு பேரே வச்சிட்டாங்க. அறுபது வருஷத்துக்கு மேல அப்படியே நம்பிட்டிருந்தாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, நம்ம ஆக்சிஜன்தான், ரெண்டு எலெக்ட்ரானை இழந்த ஆக்சிஜன். ஒரு எலெக்ட்ரான் வந்து இடிச்சு அதுக்குச் சக்தி ஏறுது. அந்தச் சக்தியைப் பச்சை ஒளியா விடணும்னா அது அரை நிமிஷம்போல சும்மா இருக்கணும். யாரும் வந்து மோதக் கூடாது.”

“அரை நிமிஷமா?”

“அணுவுக்கு அது யுகம். உங்க மெஷினுக்குள்ள ஒரு அணு ஒரு வினாடியில கோடிக்கணக்கான தடவை மோதிக்கும். சக்தி ஏறின உடனே பக்கத்துல உள்ளது இடிச்சுப் பிடுங்கிட்டுப் போயிடும். பச்சையா மாற வாய்ப்பே இல்ல. நெபுலாவுல வாயு அவ்வளவு மெல்லிசு. நாம ஒரு தடவை மூச்சு விடுற காத்தை ஒரு பெரிய மாவட்டம் முழுக்கப் பரப்பினாக்கூட அதைவிட அடர்த்தியா இருக்கும். அங்கதான் அதைத் தனியா விடுறாங்க.”

 தன் கருவியின் மூடிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு முட்டி மோதும் அணுக்களைத் தனேஸ்வரி மனக்கண்ணில் பார்த்தாள். பிழை அவள் கருவியில் இல்லை, கோட்டிலும் இல்லை. இடம் போதவில்லை, அவ்வளவுதான். இத்தனை எளிதான பதில் இத்தனை விசித்திரமாக இருக்க முடியுமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“நம்ம வீட்டுல அது எரியவே எரியாது” என்றாள் திலகா. “அரை நிமிஷம் யாரு நம்மள விட்டாங்க?”

மூவரும் சிரித்தார்கள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. விமலா காரைத் திறக்கப் போனவள் நின்றாள். சுங்கை ஆயர் தாவாரில் என் மாமா வீடு இருக்கிறது, இன்றைக்கு அங்கேதான் தங்குகிறேன், தொலைநோக்கி காரின் பின்னால் கிடக்கிறது, வானம் இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்றாள். “உங்க நெபுலா இதுல தெரியாது, ரொம்ப மங்கல். ஆனா வேற ஒண்ணு காட்டலாம். வர்றீங்களா?”

திலகா பாலனைக் கைப்பேசியில் கூப்பிட்டு, சோறு இருக்கிறது, குழம்பைச் சூடாக்கிக்கொள் என்று மட்டும் சொன்னாள். எங்கே போகிறீர்கள் என்று அவன் கேட்டதற்கு, “நட்சத்திரம் பார்க்க லா” என்றாள். 

செகிஞ்சான் வயல்களைத் தாண்டிக் கடலோரச் சாலையில் போய்ச் சேர்ந்தபோது அந்தியின் கடைசிச் சிவப்பு மறைந்துகொண்டிருந்தது. மாமா வீட்டுக்குப் பின்னால் தென்னைகள், அதற்கப்பால் ஒரு திறந்த வெளி. விமலா தொலைநோக்கியைப் பொருத்தி, கிட்டத்தட்ட நேர் மேலே திருப்பி, எதையோ தேடிப் பிடித்தாள்.

“திலகாக்கா, நீங்க பாருங்க.”

திலகா குனிந்தாள். “நட்சத்திரம். நிறைய.”

“அதுல ஒண்ணு நட்சத்திரம் இல்ல.”

“எது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.”

விமலா ஒரு சின்னக் கண்ணாடி வில்லையைக் கண்வைக்கும் குழாயில் திருகினாள். ஒளியைப் பிரிக்கிற, நுண்ணிய கோடுகள் கீறிய வில்லை. “இப்பப் பாருங்க. புள்ளிகளுக்குப் பக்கத்துல.”

திலகா பார்த்தாள். பார்த்துக்கொண்டே தனேஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“எல்லாம் இழுத்துக்கிட்டுப் போச்சு. கோடு கோடா. சாயம் கரைஞ்ச மாதிரி.” பிறகு குரல் மாறியது. “ஒண்ணு மட்டும் கரையல தனே. ஒண்ணு மட்டும் புள்ளியாவே நிக்குது.”

தனேஸ்வரி குனிந்தாள். ஒவ்வொரு நட்சத்திரத்தின் பக்கத்திலும் மங்கிய நாடாபோல ஒரு வெளிச்சம் நீண்டிருந்தது, எல்லா நிறமும் கொண்டதால் எங்கும் பரவி. ஆனால் ஓர் இடத்தில் நாடாவே இல்லை. கடுகளவு ஒரு புள்ளி மட்டும். அதன் ஒளி கிட்டத்தட்ட முழுக்க ஒரே கோட்டில் இருந்ததால் பரவ அதற்கு எங்கும் இடமில்லை. பச்சைதான். கொஞ்சம் நீலம் கலந்த பச்சை. எந்த ஆலையும் அவளுக்குக் காட்டாத நிறம்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள், கண்ணாடியில் ஆவி படிந்துவிடக் கூடாதே என்று.

“இடுப்பு இருக்கா இதுக்கு?” என்றாள் திலகா பின்னாலிருந்து.

“இருக்கு. ஆனா இந்தத் தொலைநோக்கியில தெரியாது” என்றாள் விமலா.

“அந்த பெல்ட்டை யாரு மாட்டினா? நட்சத்திரம் உருண்டைதானே. உருண்டையில பெல்ட் எப்படி வரும்?”

விமலா வானத்தை நிமிர்ந்து பார்த்தாள். “பக்கத்துல இன்னொரு நட்சத்திரம் சுத்திக்கிட்டு இருந்திருக்கும், அது வாயுவை இழுத்து நடுவுல சேர்த்திருக்கும்னு நினைக்கிறோம். நிறைய நெபுலாவுல அப்படி ஜோடியைக் கண்டுபிடிச்சாச்சு. சிலதுல எவ்வளவு தேடியும் இல்ல. அதுல எப்படி வந்துச்சுன்னு உண்மையாவே எங்களுக்குத் தெரியல அக்கா.”

“நம்மளோடதுல?”

“இன்னும் யாரும் பார்க்கல.”

கடல் பக்கமிருந்து மேகம் ஏறத் தொடங்கியிருந்தது. தனேஸ்வரி கண்ணை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். கழுத்து வலித்தது.

“பார்க்கணும்னா என்ன செய்யணும்?” என்று கேட்டாள்.

“ஜோடி சுத்தினா அந்தச் சின்னப் புள்ளியோட வெளிச்சம் கூடிக் குறையும். அப்படி ஆகுதான்னு திரும்பத் திரும்ப அளக்கணும். பழைய படங்கள் நிறைய இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்து அளக்க ஆள்தான் இல்ல.”

தனேஸ்வரி அண்ணியைப் பார்த்தாள். திலகா கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொலைநோக்கியில் குனிந்தாள், மேகம் மூடுவதற்குள் இன்னொரு தடவை.

“படத்தை அனுப்பி வைங்க” என்றாள் அவள், கண்ணை எடுக்காமலே. “இவ அளக்கட்டும். நான் சரிபார்க்கிறேன்.”